எட்டு மணிக்குக் கூப்பிடுங்க

எங்கள் அண்ணியின் முகத்தை அறிந்தவர்கள் இந்த ஊரில் கொஞ்சம் பேர்தான். குரலை அறியாதவர்கள் அதைவிடக் கொஞ்சம். ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் குடும்ப மருத்துவர் கிளினிக்கில் போனை எடுப்பது அவர்தான். "இன்னைக்கு எல்லாம் முடிஞ்சிருச்சு. நாளைக்குக் காலைல எட்டு மணிக்குக் கூப்பிடுங்க" என்று அவர் சொல்வதைக் கேட்காத காது கிடையாது. அதனால் ஊர் அவருக்கு வைத்த பெயரே எட்டு மணி. "எட்டு மணி என்ன சொல்லுச்சு?" என்று ஒருவர் கேட்பார். "என்ன சொல்லும், எட்டு மணின்னுதான் சொல்லும்" என்பார் இன்னொருவர்.

நான் அவருடைய தம்பி மனைவி. கீழ் வீட்டில் தையல் மெஷின் போட்டு, பெரிதானதைப் பிடித்தும் சிறியதைத் தளர்த்தியும் கொடுக்கிறேன். கணவர் இறந்த பிறகு அண்ணி மாடியில் தனியாக இருக்கிறார். நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் என்னென்ன நடக்குமோ, எங்களுக்குள் எல்லாமே நடந்திருக்கிறது. ஆகையால் நான் அவரைப் பற்றி நல்லதாக ஏதாவது சொன்னால் தாராளமாக நம்பலாம்.

அந்தக் கிளினிக்கின் நடைமுறை இதுதான். காலை எட்டு மணிக்குப் போன் திறக்கும். டாக்டர்களுடைய அன்றைய நேரம் முழுவதையும் அப்போதே பங்கு போட்டுவிடுவார்கள். டீ ஆறுவதற்குள் பானை காலி. அதற்குப் பிறகு கூப்பிடுகிறவருக்கு நாளை எட்டு மணி. நாளையும் அதே கதை. அடுத்த வாரத்துக்கு முன்கூட்டியே நேரம் வாங்கி வைக்க முடியாது. வாங்கிவிட்டு வராமல் இருந்துவிடுகிறார்கள் என்று பெரிய டாக்டரம்மா அதை நிறுத்திவிட்டார். கிளினிக் அவருடையது, அவர் சொன்னால் சொன்னதுதான். நேரம் கிடைக்காதவர்கள் பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் வாக்-இன் கிளினிக்குக்குப் போவார்கள். அங்கே முன்பதிவு எதுவும் வேண்டாம். நேரே நுழைந்து டோக்கன் எடுத்து உட்கார்ந்தால் எப்போதாவது கூப்பிடுவார்கள். யார் பார்ப்பார் என்பது அவரவர் அதிர்ஷ்டம்.

போனில் அண்ணி முதலில் கேட்கும் கேள்வி, "அவசரமா?" என்பது. ஆமாம் என்றால் அன்றைக்கே இடம் தேட வேண்டும், இல்லை என்றால் நாளை. இது ஊருக்கே தெரியும் என்பதால் ஊரே ஆமாம் என்று சொல்லும். காலில் ஆணி இருப்பவரும் உயிர் போகிறது என்பார். "தொண்டை அடைச்சு பேச்சே வரலைம்மா" என்று ஒருவர் நெடுநேரம் பேசினாராம். பிள்ளை காய்ச்சலில் சுருண்டு கிடக்கிறது என்று ஒரு தாய் சொல்லும்போது பின்னால் அந்தப் பிள்ளை கட்டிலில் குதித்துப் பாடிக்கொண்டிருந்ததாம். இதையெல்லாம் அண்ணி சாயங்காலம் என் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வார். நான் சிரிப்பேன். அவர் சிரிக்க மாட்டார்.

"நீ சிரிக்கிற. பொய் சொல்லி வாங்குறது யாரோட நேரம்? நிஜமாவே முடியாம கிடக்கிற ஒருத்தரோட நேரம். பட்டினி கிடந்தாலும் கிடப்பேன், அந்தப் பொய்ய மட்டும் நான் சொல்ல மாட்டேன்" என்பார்.

சொல்லக்கூடியவர் இல்லைதான். அதுவே பின்னால் வினையாக வந்தது.

அந்த வருடம் மழை விட்ட சமயத்தில் அண்ணி மாறத் தொடங்கினார். நாங்கள் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது அவர் மின்விசிறியைப் போடச் சொன்னார். இரவில் தூக்கமில்லை என்றார். இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டார், ஆனால் வேலைக்குப் போடும் நீலச் சட்டையையும் கால்சட்டையையும் பிடித்துத் தரச் சொல்லிக் கொண்டுவந்து போட்டார். கொஞ்ச நாளில் மறுபடியும் கொண்டுவந்தார். எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

"உங்களுக்கு மட்டும் எப்படி அண்ணி? தின்னத் தின்ன இளைக்கிறீங்க."

"நீயும் எந்திரிச்சு நடந்தா இளைப்ப. மெஷினே கதின்னு உக்காந்திருந்தா?"

வாய் மட்டும் இளைக்கவில்லை. சொல்லப்போனால் வாய்தான் முதலில் கெட்டது. முன்பு "முடிஞ்சிருச்சு" என்று சொல்லும்போது அவர் குரலில் ஒரு வருத்தம் இருக்கும். இப்போது அது கதவைச் சாத்துவது போல விழுந்தது. எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் பட்ட மாதிரி எதற்கெடுத்தாலும் சீறினார். ஒருநாள் ஒரு பெரியவர் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டார். இன்னொரு நாள் ஒரு அம்மாவிடம், "உங்க மூட்டு நாளைக்கு எட்டு மணி வரைக்கும் அங்கேயேதான் இருக்கும், எங்கயும் ஓடிடாது" என்று சொல்லிவிட்டார். புகார்மேல் புகார் போயிற்று. இது நோயின் குறி என்று யாருக்குத் தோன்றும்? கிளினிக்கில் போன் எடுக்கிறவர் எரிந்து விழுந்தால் அதை ஊரில் நோய் என்று சொல்வதில்லை, வேலை என்றுதான் சொல்வார்கள்.

பெரிய டாக்டரம்மா அவரை உள்ளே கூப்பிட்டார். "இன்னொரு புகார் வந்தா உங்கள முன்னாடி வெச்சிருக்க முடியாது. பின்னாடி பழைய கோப்பு அறை இருக்கு. அங்க உக்காந்து ஒழுங்குபடுத்துங்க, சம்பளம் குறையாது" என்றார்.

சம்பளத்தை யார் கேட்டார்கள்? அன்று மாலை அண்ணி என் முன்னால் உட்கார்ந்து, நூல் துணுக்குகளைப் பொறுக்கிக்கொண்டே பேசினார். "அவரு போனதுக்கு அப்புறம் வீட்டுல ஒரு சத்தம் கிடையாது. காலைல அந்த போன் அடிச்சாத்தான் எனக்குப் பொழுது விடியுது. அந்த இருட்டு ரூம்ல கொண்டுபோய் வெச்சா நான் செத்துருவேன்." அண்ணி இப்படிப் பேசுகிறவர் அல்ல. நூலைப் பொறுக்கிய விரல்கள் நடுங்கியதை நான் அப்போதுதான் கவனித்தேன்.

"டாக்டர்கிட்ட காட்டுங்க அண்ணி. பத்தடி தள்ளி உக்காந்திருக்காங்க."

"அங்க வேலை பாக்கிறவங்க அங்கேயே காட்டக் கூடாது. சட்டம்."

சட்டம் அப்படித்தான். அண்ணியைச் சந்தைக்கு அந்தப் பக்கம் இருக்கும் வேறொரு குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்திருந்தார்கள். அங்கேயும் காலை எட்டு மணிக்குத்தான் போன் திறக்கும். எட்டு மணிக்கு அண்ணி எங்கே இருப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மதியம் கூப்பிட்டால் அங்கே போன் எடுக்கும் பெண், "எட்டு மணிக்கே கூப்பிடணும்னு தெரியாதா?" என்று கேட்டாளாம்.

"தெரியும்மா. எட்டு மணிக்கு நானும் இதையேதான் சொல்லிட்டு இருக்கேன்" என்றாராம் அண்ணி.

ஒருநாள் கட்டுப் போடும் நர்ஸிடம் கெஞ்சி, கொஞ்ச நேரம் போனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, படிக்கட்டில் நின்று கூப்பிட்டிருக்கிறார். அதிசயமாக இணைப்புக் கிடைத்தது. நேரமும் இருந்தது. அந்தப் பெண் கேட்டாள், "அவசரமா?"

அண்ணி யோசித்தார். நெஞ்சு படபடப்பு, கைநடுக்கம், தூக்கமின்மை. அவர் மேசையில் ஒட்டியிருக்கும் அட்டையில் அவசரம் என்று எழுதியிருப்பவற்றில் இவை எதுவும் இல்லை. "அவசரம்னு சொல்ல முடியாதும்மா" என்றார்.

"அப்போ நாளைக்கு எட்டு மணிக்குக் கூப்பிடுங்க."

இதை என்னிடம் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு திருப்தி வேறு. "சரியாத்தான் கேட்டா அந்தப் பொண்ணு. நானா இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீங்க ரெண்டு பேரும் ஒரே வயித்துல பிறந்தீங்களா? நாளைக்கு நான் கூப்பிடுறேன்."

"வேண்டாம். நீ கூப்பிட்டா அவசரம்னு சொல்லுவ."

"சொல்லுவேன்தான்."

"அதான் வேண்டாம்கிறேன்."

தம்பி பேசிப் பார்த்தார். என் வீட்டுக்காரர் அக்காவிடம் பேசுவது சுவரிடம் பேசுவதுதான். சுவராவது குறுக்கே பேசாது.

கடைசியில் அண்ணி, தான் இத்தனை வருடமாக ஊரை எங்கே அனுப்பினாரோ அங்கேயே போனார். வேலை முடிந்த பிறகு வாக்-இன் கிளினிக்குக்கு, யாருக்கும் தெரியாமல். முதல் தடவை படபடப்பைச் சொன்னார். காபியைக் குறைக்கச் சொன்னார்கள். இரண்டாம் தடவை தூக்கமில்லை என்றார், மாத்திரை கொடுத்தார்கள். அடுத்த தடவை கைநடுக்கத்தைச் சொன்னபோது, மனதில் ஏதாவது கவலை உண்டா என்று ஒரு டாக்டர் அன்பாகக் கேட்டாராம். "யாருக்கு இல்ல?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு டாக்டர். எல்லோரும் நல்லவர்கள்தான், கேட்டதற்குச் சரியாகத்தான் பதில் சொன்னார்கள். ஆனால் ஒருவர் கையை மட்டும் பார்த்து, ஒருவர் காலரை மட்டும் பார்த்தால் சட்டை ஏன் பொருந்தாமல் போயிற்று என்று எப்படித் தெரியும்?

அதற்கடுத்த தடவை, வேலையிலிருந்து வந்து மாடிப்படி ஏறும்போதே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். நான் மெஷினை மூடிவிட்டு, அவர் திட்டத் திட்டக் கூடவே போனேன்.

வாக்-இன் கிளினிக்கை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள், சிவப்பு எழுத்தில் டோக்கன் எண் மாறும் பலகை, அது மாறும்போதெல்லாம் நிமிர்ந்து குனியும் தலைகள். வாசலில் ஒரு டீக்கடை. உள்ளே காத்திருப்பவர்களை நம்பியே அந்தக் கடை ஓடுகிறது. நாங்கள் போனபோது நாற்காலி ஒன்றும் காலியில்லை. அண்ணி கவுண்டரில் சின்னக் குரலில் விவரம் சொன்னார். உள்ளே இருந்த பெண், "கொஞ்ச நேரம் ஆகும், உக்காருங்க" என்றாள்.

அங்கேதான் தொழில் புத்தி தலைதூக்கியது. "கொஞ்ச நேரம்னு சொல்லாதம்மா" என்றார் அண்ணி, தன்னுடைய போன் குரலில், கணீரென்று. "எவ்வளவு நேரம்னு தெளிவா சொல்லிடு. இல்லாட்டி திரும்பத் திரும்ப உன்னைத்தான் வந்து கேப்பாங்க."

நாற்காலிகள் அத்தனையும் திரும்பின. யாருக்கும் அந்த முகம் தெரியாது. குரல் எல்லோருக்கும் தெரியும்.

"எட்டு மணி" என்றார் மூலையில் இருந்த டாக்ஸிக்காரர், மெதுவாக, பேயைப் பார்த்தவர் மாதிரி.

அண்ணிக்கு முகம் சிவந்தது. கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்தார். ஓடிவிடுவார் என்று நினைத்து நான் அவர் முழங்கையைப் பிடித்தேன். அப்போது ஒரு முடிதிருத்துபவர், சட்டைப் பையில் சீப்பு எட்டிப் பார்க்க, எழுந்து தன் நாற்காலியைக் காட்டினார்.

"உக்காருங்கம்மா. வெக்கப்படாதீங்க. இங்க இருக்கிறவங்க எல்லாரும் உங்க ஆளுங்கதான். நீங்க அனுப்பித்தானே வந்திருக்கோம்."

ஒரு சிரிப்பு கிளம்பியது. கேலிச் சிரிப்புதான், ஆனால் அதில் நஞ்சு இல்லை. அண்ணி உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் சும்மா இருந்தாரா என்றால், அதுதான் இல்லை.

"எட்டு மணிக்குக் கூப்பிட்டா கிடைச்சிருக்கும்ல? ஏன் கூப்பிடல?"

"எட்டு மணிக்கு என் வண்டில அஞ்சு பள்ளிக்கூடப் பிள்ளைங்க இருக்கும்மா" என்றார் டாக்ஸிக்காரர். "ஒரு கைல ஸ்டீரிங், ஒரு கைல போனா?"

"எட்டு மணிக்கு நான் கடை திறக்கணும். முதல் ஆளு தலைல சோப்பு நுரையோட உக்காந்திருப்பாரு" என்றார் முடிதிருத்துபவர்.

பக்கத்தில் ஒரு பெண், இரவெல்லாம் ரொட்டிச் சூளையில் வேலை செய்பவளாம், கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "எட்டு மணிக்குத்தான் நான் படுப்பேன்."

"அப்போ எட்டு மணிக்கு யாருதான் கூப்பிடுறாங்க?" என்று கேட்டார் அண்ணி. வாதத்துக்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார்.

பிறகும் அண்ணி விடவில்லை. "கிடைச்சாலும் நீங்கள்லாம் அவசரம்னுதானே சொல்லுவீங்க."

"சொல்லாட்டி குடுப்பீங்களா?" என்றார் முடிதிருத்துபவர்.

டாக்ஸிக்காரர் பேச்சை மாற்றினார். "எனக்கு சர்க்கரைம்மா. இங்க ஒவ்வொரு தடவையும் புது டாக்டரு. ஒவ்வொருத்தருக்கும் ஆதியில இருந்து கதை சொல்லணும். சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் இப்போல்லாம் பாதிய விட்டுடுறேன். எந்தப் பாதிய விடலாம், எத விடக்கூடாதுன்னு எனக்கென்ன தெரியும்?"

அண்ணி கைப்பையின் வாரைச் சுற்றிக்கொண்டே இருந்தார். தானும் பாதிப் பாதியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம் என்று அவருக்கு அப்போது பட்டிருக்க வேண்டும்.

உள்ளே இருந்த டாக்டர் இளைஞர். அண்ணியைப் பார்த்ததும் பேனாவை வைத்தார். "உங்கள நான் முன்னாடியே பாத்திருக்கேன்ல? காபியக் குறைக்கச் சொன்னேன்."

"குறைச்சுட்டேன் டாக்டர். விட்டே விட்டேன்."

"அன்னைக்கு இந்தச் சட்டை இவ்வளவு தொளதொளன்னு இல்லையே."

நான் இரண்டு தடவை பிடித்துக் கொடுத்தபிறகும் தொளதொளவென்று இருக்கிறது என்றேன். அந்த அறையில் அண்ணியை இரண்டாம் தடவை பார்த்தவர் அவர் ஒருவர்தான். அதனால்தான் அது அவர் கண்ணில் பட்டது. அண்ணியைக் கையை நீட்டச் சொல்லி, விரல்களின் மேல் ஒரு தாளை வைத்தார். தாள் காற்றில்லாமல் ஆடியது. தண்ணீர் கொடுத்து விழுங்கச் சொல்லி, கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். நாடி பிடித்தார். பிறகு ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். வியர்க்கிறதா, பசிக்கிறதா, தூக்கம் உண்டா. எல்லாவற்றுக்கும் அண்ணி தலையாட்டினார்.

"கோபம் வருதா?"

"அது என் வேலை டாக்டர்."

அவர் சிரித்துவிட்டார். ஆனால் உடனே முகம் மாறியது. தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்வது போல இருக்கிறது, நாடி மிக வேகமாக ஓடுகிறது, இப்படியே விட்டால் இதயம் கெட்டுப்போகும் என்றார். "ரத்தம் எடுத்துப் பாத்து, மருந்த ஏத்தி இறக்கி, மாசக்கணக்குல ஒருத்தரே பாக்கணும். இங்க அது முடியாது. அடுத்த வாரம் நான் எந்த ஊர்ல இருப்பேன்னு எனக்கே தெரியாது. நாளைக்கே உங்க டாக்டர்கிட்ட போங்க."

அண்ணி எழுந்திருக்கவில்லை. "டாக்டர், அவங்க அவசரமான்னு கேப்பாங்க. இது அவசரமா?"

"நாளைக்கேன்னு சொல்றேனேம்மா. உங்களுக்கு என்ன தோணுது?"

"எனக்குத் தெரியல டாக்டர். மத்தவங்களுக்குன்னா சொல்லிடுவேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபமும் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம்.

மறுநாள் நானும் அண்ணியோடு அவருடைய கிளினிக்குக்குப் போனேன். தனியாக விட்டால் கூப்பிட மாட்டார் என்று எனக்குத் தெரியும். போனை நம்பாமல் அதிகாலையிலேயே வந்து கதவுக்கு வெளியே நின்றவர்கள் உள்ளே வந்து உட்கார்ந்திருந்தார்கள். எட்டு அடித்ததும் மேசைப் போன் அலறத் தொடங்கியது. அதன் விளக்குகள் வரிசையாக மின்னின. அண்ணி அதை எடுக்கவில்லை. கைப்பையிலிருந்து தன் கைப்பேசியை எடுத்தார். சந்தைக்கு அந்தப் பக்கத்துக் கிளினிக் எண்ணை அழுத்தினார். அங்கே எல்லா இணைப்பும் நிரம்பியிருந்தது. மறுபடி அழுத்தினார். மேசைப் போன் அலறிக்கொண்டே இருந்தது. உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும், எட்டு மணி போனை எடுக்காமல் இருக்கும் அதிசயத்தை வாய் பிளந்து பார்த்தார்கள்.

பெரிய டாக்டரம்மா அறையிலிருந்து வெளியே வந்தார். "என்ன இது? ஏன் எடுக்கல?"

அண்ணி அவரைப் பார்த்து, கொஞ்சம் பொறுங்கள் என்று கையை உயர்த்தினார். முதலாளியைப் பார்த்து அவர் கை உயர்த்தியது அதுதான் முதல் தடவையாக இருக்கும். கோப்பு அறை என் கண்முன் வந்து நின்றது. அந்தக் கை நடுங்கியதை டாக்டரம்மா பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

இணைப்புக் கிடைத்தது. அந்தப் பெண் என்ன கேட்டாள் என்று எனக்குக் கேட்கவில்லை, தெரியும். அண்ணி பதில் சொல்ல வாயைத் திறந்து மூடினார்.

"ஆமாம்மா" என்றார். "அவசரம். எனக்குத்தான்."

ஊரில் எத்தனையோ பேர் தினமும் பல் விளக்குவது போலச் சொல்லும் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு, அண்ணி மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அன்றைக்கே வரச் சொல்லிவிட்டார்கள். நான் அவரை எழுப்பி அழைத்துப் போகும்போது மேசைப் போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. பெரிய டாக்டரம்மா அண்ணியின் நாற்காலியில் உட்கார்ந்து அதை எடுத்தார்.

பின்னால் நர்ஸ் சொல்லித்தான் மிச்சக் கதை தெரிந்தது. டாக்டரம்மாவுக்கு "முடிஞ்சிருச்சு" என்ற சொல் வரவே இல்லையாம். ஒவ்வொருவரும் குரலைக் கேட்டதும், "டாக்டரம்மா, நீங்களேவா?" என்று குழைந்துபோய்க் கதை சொல்ல, கேட்டவருக்கெல்லாம் வாங்க, வாங்க என்று சொல்லி, மூன்று நாள் கூட்டத்தை ஒரே நாளில் சேர்த்துவிட்டாராம். சாயங்காலம் வரை சாப்பிடவில்லையாம். சொல்லக் கூடாது, எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது.

தைராய்டுதான். ரத்தப் பரிசோதனை அதை உறுதி செய்தது. மாத்திரை கொடுத்து, ஓய்வெடுக்கச் சொன்னார்கள். பெரிய டாக்டரம்மா ஒருநாள் எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். தினமும் ஒரே இடத்தில் வேலை பார்த்தும் தன் கண்ணில் படவில்லையே என்று வருந்தினார். அண்ணி அதைப் பெரிதுபடுத்தவில்லை. டாக்டரம்மா வேறொன்று கேட்டார்: "முடிஞ்சிருச்சுன்னு நீங்க எப்படி தினமும் சொல்லிட்டு இருந்தீங்க?"

"நீங்க சொல்லச் சொன்னீங்க, சொன்னேன்" என்றார் அண்ணி.

அதன்பிறகு இரண்டு பேரும் அண்ணியின் கட்டிலில் உட்கார்ந்து நெடுநேரம் பேசினார்கள். நான் டீ கொண்டுபோனபோதெல்லாம் சண்டைதான். எல்லா நேரத்தையும் எட்டு மணிக்கே கொட்டிவிடாமல் ஒரு பங்கை மதியத்துக்கும் சாயங்காலத்துக்கும் வைக்க வேண்டும் என்றார் அண்ணி. சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று நெடுநாள் நோய் இருப்பவர்கள் முன்கூட்டியே, அதுவும் ஒரே டாக்டரிடம், நேரம் வாங்கிக்கொள்ளட்டும் என்றார். வாங்கிவிட்டு வர மாட்டார்கள் என்றார் டாக்டரம்மா. "வராதவங்க யாருன்னு எனக்குத் தெரியும். முந்தின நாள் நானே கூப்பிட்டுக் கேக்குறேன். என் குரலுக்குப் பயந்தாவது வருவாங்க" என்றார் அண்ணி. டாக்டரம்மா சிரித்துவிட்டார். கொஞ்ச நாள் பார்க்கலாம் என்று அரை மனதாகச் சம்மதித்தார். கோப்பு அறையைப் பற்றி இருவரும் பேசவில்லை.

அண்ணி அதே நாற்காலிக்குத் திரும்பினார். மருந்தில் கோபம் குறைந்ததா என்று கேட்கிறீர்களா? பாதி குறைந்தது. மீதிப் பாதி அவருடைய சொந்தச் சரக்கு.

புது நடைமுறை ஒரே நாளில் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். முதல் மாதம் குழப்பம்தான். ஆனால் டாக்ஸிக்காரர் இப்போது பிள்ளைகளை இறக்கிவிட்டு மதியம் வருகிறார், அவருடைய கதை முழுவதும் தெரிந்த ஒரே டாக்டரிடம். முடிதிருத்துபவர் கடையை மூடிவிட்டு வருகிறார். ரொட்டிச் சூளைப் பெண் மட்டும் இன்னும் வாக்-இன் பக்கம்தான், அதுதான் அவளுக்கு வழியில் இருக்கிறது என்கிறாள். சமீபத்தில் நான் பஸ் நிலையத்துக்குப் போனபோது அங்கே டீக்கடைக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க நாத்தனாரு என் வயித்துல அடிச்சுட்டாங்கம்மா. முன்னாடி ஒரு ஆளு உள்ள உக்காந்தா மூணு டீ குடிப்பாரு. இப்போ வந்த வேகத்துல டாக்டரப் பாத்துட்டுப் போயிடுறாங்க."

இதை அண்ணியிடம் சொல்ல வேண்டும் என்றே நான் கிளினிக்குக்குப் போனேன். நீலச் சட்டையைத் தளர்த்திக் கொண்டுபோயிருந்தேன். அண்ணி பழையபடி பூசினாற்போல ஆகிவிட்டார். பிடித்துப் போட்ட தையலையெல்லாம் பிரித்தது போல அத்தனை சந்தோஷமாக நான் வேறு எந்தத் துணியையும் பிரித்ததில்லை. முன்மதிய நேரம். கூட்டம் அவ்வளவாக இல்லை. டீக்கடைக்காரர் கதையைத் தொடங்கினேன், போன் அடித்தது.

"அவசரமா?" என்று கேட்டார் அண்ணி. அந்தக் கேள்வி மட்டும் மாறவில்லை.

ஒரு வயதான ஆணின் மெலிந்த குரல். பக்கத்தில் இருந்ததால் எனக்கும் கேட்டது. "அவசரம்லாம் ஒண்ணும் இல்லம்மா. ரெண்டு நாளா படுத்தா மூச்சு வாங்குது, உக்காந்தே தூங்குறேன், அவ்வளவுதான். வேற யாராவது முடியாதவங்க இருந்தா அவங்களுக்குக் குடுங்க. நான் நாளைக்கு எட்டு மணிக்குக் கூப்பிடுறேன்."

அண்ணி என் கையிலிருந்த சட்டையைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார்.

"வெச்சுடாதீங்க ஐயா. நாளைக்கு வேண்டாம். வீட்டுல கூட யாரு இருக்காங்க? கதவைத் திறந்து வெச்சுட்டு அப்படியே உக்காந்திருங்க. வீடு எங்கன்னு மட்டும் சொல்லுங்க."

முகவரியை உள்ளங்கையில் எழுதிக்கொண்டே போய், பெரிய டாக்டரம்மாவின் அறைக் கதவைத் தட்டாமல் திறந்தார்.

"மூச்சு வாங்குது, ஆனா அவசரம் இல்லைன்னு சொல்றாரு டாக்டர்" என்றார்.

டாக்டரம்மா உடனே எழுந்துவிட்டார்.